தோட்டத்து நாய் எதற்காகத் தோண்டுகிறது?

எங்கள் பக்கத்தில் நாய் இல்லாத தோட்டத்தைப் பார்க்க முடியாது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக விவசாயம் செய்கின்றன. பஞ்சாயத்துக் காகிதம் மலையாளத்தில் வரும், வீட்டுப் பேச்சு கோயம்புத்தூர்ப் பேச்சாக இருக்கும். வீடுகள் பலவும் தென்னந்தோப்புக்கு நடுவில். தேங்காய்க்கும் மோட்டாருக்கும் ஆடு கோழிக்கும் ராத்திரிக் காவல் நாய்தான். அதே நாய் பகலில் புதுசாக வைத்த தென்னம்பிள்ளையைத் தோண்டிப் போட்டு, சொட்டுநீர் டியூபையும் கடித்துக் குதறி வைத்தால் வீட்டுப் பெரியவர்கள் இரண்டே வழி சொல்வார்கள். ஒன்று, "கட்டிப் போடு." இல்லையென்றால், "கொண்டுபோய் எங்காவது விட்டுட்டு வா." இந்த ஒரு காரணத்துக்காகவே நாயைச் சாக்கில் போட்டு வேலந்தாவளம் தாண்டி விட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய் ரோட்டில் ரொம்ப நாள் பிழைக்காது. அப்படி ஒரு நாயாவது மிஞ்சட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் இரண்டு நாய்கள். ஒன்றின் பெயர் செவலை, நாட்டு நாய், பெட்டை, வயதாகிவிட்டது, நிதானமானவள். மணி சிப்பிப்பாறைக் கலப்பு, நல்ல வயசு, கால் ஒரு இடத்தில் நிற்காது. இரண்டுமே தோண்டும், ஆனால் இடமும் நேரமும் வேறு வேறு. இதைக் கவனிக்கச் சொன்னவர் மிருகாசுபத்திரி டாக்டர். வெறிநாய்த் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது மணியைப் பற்றிப் புகார் சொன்னேன். அவர் ஊசி போட்டுக்கொண்டே, "குழி எங்க இருக்கு? எந்த நேரத்துல தோண்டறான்? குழி அகலமா இருக்கா, ஆழமா இருக்கா? பார்த்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். அன்றிலிருந்து குழியை மூடுவதற்கு முன்னால் அதை நின்று பார்க்கிற பழக்கம் வந்தது. இடம், நேரம், வடிவம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

வெயிலுக்குத் தோண்டும் குழி அகலமாக, ஆழம் கம்மியாக, நாய் சுருண்டு படுக்கிற அளவில் இருக்கும். நிழலில், சுவரோரத்தில், பாத்திரம் கழுவும் தண்ணீர் போகிற இடத்தில் பார்க்கலாம். நேரம் பத்து மணிக்கு மேல். பங்குனி, சித்திரையில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும். மேல்மண்ணைக் கீறினால் அடியில் குளிர்ச்சி இருக்கிறது, வயிற்றை அதில் வைத்துப் படுக்கிறது. அதற்கு அடிப்பது அநியாயம். செவலை இப்படித்தான் எங்கள் துவைக்கிற கல்லை ஒட்டித் தோண்டுவாள். அங்கேயே ஓலைப் பந்தல் ஒன்று போட்டு, கீழே மணல் கொட்டி, காலையிலும் மத்தியானமும் இரண்டு குடம் தண்ணீர் தெளித்தோம். இப்போது அவள் படுக்கை அதுதான். சுவரோரத்தை விட்டுவிட்டாள்.

சொட்டுநீர் டியூபைக் கடிப்பதற்கும் பாதிக் காரணம் வெயில்தான். தண்ணீர் சொட்டுகிற இடத்தில் மண் ஈரமாக இருக்கும், டியூபுக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தமும் நாய்க்குக் கேட்கும். வீட்டு வாசலில் ஒரு கிண்ணம் வைத்துவிட்டு, நாய் மூன்று ஏக்கர் சுற்றட்டும் என்றால் அது எங்கே போய்க் குடிக்கும்? தோப்பில் நாலு இடத்தில் சிமெண்ட் தொட்டி வைத்து, மோட்டார் ஓடும்போதெல்லாம் நிரப்புகிறோம். டியூபை மண்ணுக்கு மேலே கிடக்கவிடாமல் ஒரு சாண் ஆழத்தில் பதித்து, சொட்டுகிற முனைக்கு மட்டும் மட்டையையும் பன்னாடையையும் போட்டு மூடினோம். மூடாக்கு தென்னைக்கும் நல்லது. கடிபடுவது நின்றே போய்விட்டது என்று சொல்லமாட்டேன், வெகுவாகக் குறைந்திருக்கிறது.

மணியின் குழி வேறு மாதிரி. வரப்பிலும் வாழைக்கட்டையைச் சுற்றியும் சின்ன வாயோடு சாய்வாக உள்ளே இறங்கும். தோண்டுவான், மூக்கை உள்ளே விட்டு இழுப்பான், மறுபடியும் தோண்டுவான். நேரம் அதிகாலை, இல்லையென்றால் பொழுது சாய்கிற வேளை. அடியில் எலி இருக்கும், அல்லது பெருக்கான் (பெருச்சாளி) இருக்கும். எருக்குழியைக் கிளறினால் காண்டாமிருக வண்டின் புழுவைத் தேடுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். வேட்டைக்கென்றே வளர்ந்த இனம், ரத்தத்தில் ஊறியது. இதை வைது நிறுத்த முடியாது. எலியைக் குறைத்தால்தான் தோண்டுவது குறையும். கீழே விழுந்த தேங்காயை உடனே பொறுக்குவது, கொப்பரையையும் மாட்டுத் தீவனத்தையும் மூடி வைப்பது, வரப்பில் புல் மண்டாமல் பார்ப்பது, பொறிக்கூடு வைப்பது, இவையெல்லாம் நாய் வைத்தியத்தில் சேர்ந்தவைதான். வளையில் எலி இருந்தால் பின்னாலேயே நல்லபாம்போ கண்ணாடி விரியனோ வரும் என்பதையும் மறந்துவிடக்கூடாது. மூக்கை உள்ளே விடுகிற நாய்க்கு மூஞ்சியில்தான் கடி விழும்.

எலிக்கு மருந்து வைப்பது மட்டும் நாய் இருக்கிற தோட்டத்தில் வேண்டவே வேண்டாம். துத்தநாகப் பாஸ்பைடு கலந்த மருந்து வயிற்றுக்குள் போனதும் விஷவாயுவாக மாறுகிறது. ரத்தம் உறையவிடாத வகை மருந்தைத் தின்றால் சில நாள் ஒன்றும் தெரியாது, பிறகு ஈறிலும் மூத்திரத்திலும் ரத்தம் வரும். இதற்கு வைட்டமின் கே1 கைகொடுக்கும், ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். நாய் மருந்தைத் தின்றது தெரிந்தால் பாக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள். வாந்தி வரட்டும் என்று உப்புக் கரைசலைத் தொண்டையில் ஊற்றாதீர்கள். அந்த உப்பே நாயைக் கொல்லக்கூடும்.

இன்னொரு வகைக் குழியை நாமே வரவழைக்கிறோம். தென்னம்பிள்ளை நட்ட மறுநாளே தோண்டிக் கிடக்கிறதா? குழிக்குள் என்ன போட்டோம் என்று யோசித்துப் பாருங்கள். எலும்புத்தூள் போட்டிருப்போம். இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்த மீன் அமிலத்தை ஊற்றியிருப்பார்கள். நமக்குத்தான் அது உரம், நாய் மூக்குக்கு அது விருந்து. மீன் அமிலத்தை நிறையத் தண்ணீரில் கலந்து இலைமேல் தெளித்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். வேருக்குத்தான் வேண்டுமென்றால் ஊற்றிய இடத்தைச் சுற்றிக் கருவேல முள்ளைப் போட்டு வையுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது கொட்டமுத்துப் புண்ணாக்கு, அதாவது ஆமணக்குப் பிண்ணாக்கு. தென்னைக்கும் வாழைக்கும் இதை மூட்டை மூட்டையாக வாங்குகிறோம், காண்டாமிருக வண்டை இழுத்துப் பிடிக்கப் பானையில் ஊறவைத்தும் வைக்கிறோம். நாய்க்கு இந்த வாசனை பிடிக்கும். ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. சரியாகச் சூடுபடாத பிண்ணாக்கில் அது தங்கிவிடும். தின்ற நாய்க்குச் சில மணி நேரத்திலோ அடுத்த நாளோ வாந்தி தொடங்கி, ரத்தத்தோடு வயிற்றுப்போக்காகப் போகும். மாற்று மருந்து கிடையாது, குளுக்கோஸ் ஏற்றித் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் சிகிச்சை. எங்கள் வீட்டில் அந்த மூட்டையை வாங்குவதையே விட்டுவிட்டு வேப்பம்புண்ணாக்குக்கு மாறினோம். கசப்பு, நாய் பெரும்பாலும் தொடாது. ஆமணக்குதான் வேண்டுமென்கிறவர்கள் மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், ஆழமாகப் புதையுங்கள், ஊறவைத்த பானையை நாய்க்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

சரி, வெயிலும் இல்லை, எலியும் இல்லை, உரமும் இல்லை. இருந்தாலும் தோண்டுகிறதென்றால் பெரும்பாலும் சும்மா இருக்க முடியாத தவிப்பு. பகலெல்லாம் கட்டிப் போட்டு ராத்திரி அவிழ்த்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். எந்தத் தோட்டத்துக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கட்டுத்தரைப் பக்கம் சங்கிலி எட்டுகிற தூரம் வரைக்கும் அரைவட்டமாக மண் பறிந்து கிடக்கும். காரணத்தை அந்த வட்டமே சொல்லிவிடும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஒரே தூணைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் எந்த உயிருக்கும் கிறுக்குப் பிடிக்கும். ராத்திரி அவிழ்த்துவிட்டதும் அடக்கிவைத்த தெம்பையெல்லாம் ஒரேயடியாகக் கொட்டுகிறது, காலையில் பார்த்தால் பாத்தி போயிருக்கும். தோண்டுகிறதென்று கட்டுவது, கட்டியதால் இன்னும் தோண்டுவது என்று இது ஓயாமல் சுற்றும்.

மணியை வெயில் ஏறுவதற்கு முன்னால் கயிறு போட்டு வரப்பு வழியாக நடத்திக் கூட்டிப்போகிறோம். வேகமாக இழுத்துக்கொண்டு போவதில்லை. அவன் நின்று மோந்து பார்க்கிற இடத்தில் எல்லாம் நாமும் நிற்கிறோம். நாய்க்கு மோப்பம் பிடிப்பதே பெரிய உழைப்பு, அரை மணி நேரம் மோந்து திரிந்தால் நன்றாகக் களைத்துவிடும். கயிறு எதற்கென்றால், காட்டோரத் தோட்டங்களில் பன்றிக்கென்று தீனிக்குள் வெடியை வைக்கிறார்கள். அதைக் கடித்த நாயின் வாய் சிதறிவிடும். வீட்டுத் தோட்டத்தைத் தாண்டினால் மணி கயிற்றோடுதான்.

அப்புறம் சோறு. தட்டில் கொட்டி வைத்தால் ஒரு நிமிஷத்தில் நக்கி முடித்துவிட்டு மறுபடியும் வேலையில்லாமல் நிற்பான். காலைத் தீனியை மட்டும் நாங்கள் தட்டில் வைப்பதில்லை. எங்கள் வீட்டில் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. முற்றத்தில் ஒரு கூடைச் சிரட்டையைக் கவிழ்த்துப் பரப்பி, சிலவற்றுக்கு அடியில் மட்டும் வேகவைத்த கோழித்துண்டோ முட்டையோ வைக்கிறோம். மணி ஒவ்வொன்றாக மூக்கால் புரட்டுவான். வெறும் சிரட்டைக்கும் தீனி இருக்கிற சிரட்டைக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க அவன் எடுத்துக்கொள்கிற சிரத்தையைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவான். காசு செலவில்லாத இந்த ஒரு வேலை எங்கள் பாத்திகளைக் காப்பாற்றியதுபோல வேறெதுவும் காப்பாற்றவில்லை.

தோண்டும் ஆசையை முழுக்க அடக்க முடியாத நாய்க்குத் தோண்டிக்கொள்ள ஒரு இடம் கொடுத்துவிட வேண்டும். வேப்பமர நிழலில், நாயைப்போல இரண்டு மடங்கு நீளமும் அதே அகலமும் வைத்து, ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு மணலும் மண்ணும் கலந்து நிரப்புங்கள். சுற்றிலும் பட்டுப்போன தென்னை மரத்துண்டை வைத்து எல்லை கட்டுங்கள். நாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குப் பிடித்த தீனியை மேலாகப் புதையுங்கள். தோண்டி எடுத்தால் நல்லா கொஞ்சுங்கள். நாள் போகப் போக ஆழமாகப் புதையுங்கள். வேறு இடத்தில் தோண்டுவதைக் கண்டால் கத்தாமல் கூப்பிட்டு இங்கே கூட்டி வாருங்கள். முதலில் சில வாரம் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். ஒருத்தர் கொஞ்சி ஒருத்தர் வைதால் நாய் குழம்பிப்போகும்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் நல்ல மனசோடுதான் சொன்னார்: "குழியில மொளகாப்பொடியப் போட்டு மூடிரு கண்ணு, அப்புறம் அந்தப் பக்கமே வராது." நான், "வேண்டாங்க மாமா, கண்ணுல பட்டா என்னாகும்" என்றேன். மிளகாய்ப்பொடி நாயின் கண்ணையும் மூக்கையும் புண்ணாக்கும். காரணம் அப்படியே இருப்பதால் நாலடி தள்ளி அடுத்த குழி விழும். நாயின் மலத்தைக் குழியில் போட்டு மூடுவது இன்னொரு யோசனை. அதுவும் குழியை இடம் மாற்றுமே தவிர நிறுத்தாது.

வேலை முடிந்து வந்து, எப்போதோ தோண்டிய குழிக்கு முன்னால் நாயை இழுத்துப்போய் அடிப்பதால் பயன் கிடையாது. "தப்புச் செஞ்சது அதுக்கே தெரியுது, மூஞ்சியைப் பாரு" என்பார்கள். 2009இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்னக்கூடாது என்று வைத்த தீனியைத் தின்ற நாயும் தின்னாத நாயும், எஜமானர் திட்டும்போது ஒரே மாதிரி குற்ற முகம் காட்டின. காதை மடக்குவதும் தலையைக் குனிவதும் நம் கோபத்தைப் பார்த்து வருகிற பயம். தோண்டிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுத் திருப்பினால்தான் நாய்க்கு அர்த்தம் புரியும்.

வேலியோரத்துக் குழிக்கு வேறு காரணம். கிளுவை வேலியின் அடியில் நீளமாகப் பறித்திருந்தால் வெளியே போகப் பார்க்கிறது. மலையாளத்துக்காரர்கள் கன்னி மாசத்தை நாய்களின் மாசம் என்பார்கள், நம் ஆட்கள் மார்கழியைச் சொல்வார்கள். எல்லையில் இருக்கிற எங்களுக்கு இரண்டிலும் தொல்லை. பக்கத்தில் பெட்டை பருவத்துக்கு வந்திருந்தால் ஆண் நாய் கல்லையும் பெயர்த்துக்கொண்டு போகும். கருத்தடை ஆபரேஷன் செய்தால் இந்த அலைச்சல் குறையும், மணிக்குச் செய்த பிறகு வேலிப் பக்கம் அமைதி. அது முடியாதவர்கள் வேலியடியில் ஒரு அடி ஆழத்துக்குக் கம்பிவலையைப் புதைத்து, அடிப்பாகத்தை உள்பக்கமாக மடக்கிக் கல்லைப் பரப்புங்கள். பட்டாசுக்குப் பயந்து ஓடுவதற்கும் நாய் வேலியடியைப் பறிக்கும். தீபாவளி ராத்திரி வீட்டுக்குள் ஒரு மூலையில் படுக்க இடம் கொடுங்கள்.

பெட்டை நாய் திடீரென்று வைக்கோற்போருக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோ தோண்டினால் வயிற்றைப் பாருங்கள். நாய்க்குச் சினைக்காலம் சுமார் 63 நாள். கடைசி வாரத்தில் குட்டி போட இடம் தேடும். சினையே ஆகாமல் பால் சுரந்து இப்படித் தோண்டுவதும் உண்டு, அது பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். இரண்டுக்கும் இருட்டான, மழை படாத மூலையில் பழைய சாக்கு விரித்துக் கொடுத்தால் போதும்.

கடிப்பதைப் பற்றியும் கொஞ்சம். குட்டிக்கு 28 பால் பற்கள். மூன்று மாசத்திலிருந்து ஆறேழு மாசத்துக்குள் அவை விழுந்து 42 பற்கள் வரும். அந்தக் காலத்தில் ஈறு தினவெடுக்கும், செருப்பு, சீப்பு, நாற்காலிக் கால் எதுவும் தப்பாது. செருப்பை மேலே வையுங்கள், ஈரத்துணியை முறுக்கி ஃபிரிட்ஜில் உறையவைத்துக் கொடுங்கள், கேரட் கொடுங்கள். எங்கள் பக்கத்தில் இளநீர் மட்டையைத் தூக்கிப் போடுவார்கள். நாய்க்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். நாரை விழுங்கினால் குடலை அடைத்துவிடும். வேகவைத்த எலும்பு கூடவே கூடாது, சில்லு சில்லாக உடைந்து குத்தும்.

கோயம்புத்தூரில் அபார்ட்மெண்டில் இருக்கிற என் அக்கா மகளின் லேப்ரடார் கதை வேறு. தோண்ட மண் இல்லை, கதவைப் பிராண்டித் தூளாக்கியது. பக்கத்து வீட்டார், ஊளையிடுகிறதென்று புகார் சொன்னார்கள். அவள் போனில் வீடியோ ஓடவிட்டுப் போய்ப் பார்த்தாள். கதவைச் சாத்திய கொஞ்ச நேரத்திலேயே நாய் எச்சில் வடித்துக்கொண்டு அலைந்து, கதவையே சுரண்டியிருக்கிறது. சோபாவைத் தொடவில்லை. சும்மா பொழுதுபோகாத நாய் வீடு முழுக்கக் குதறும். தனிமைக்குப் பயப்படுகிற நாய் பெரும்பாலும் நாம் போன வாசலைத்தான் குதறும். இதற்கு நடையும் விளையாட்டும் மட்டும் போதாது. சாவியை எடுத்துவிட்டுப் போகாமலே உட்கார்வது, ஒரு நிமிஷம் வெளியே நின்று பதட்டம் வருவதற்கு முன்னால் திரும்புவது, பிறகு இரண்டு, ஐந்து என்று கூட்டுவது, இப்படி மாசக்கணக்கில் பழக்க வேண்டியிருந்தது. டாக்டர் பதட்டத்துக்கு மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். கூண்டில் அடைக்கலாமா என்று கேட்டதற்கு, பயந்த நாய் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும் என்று தடுத்துவிட்டார்.

தோண்டிய மண்ணை நாய் தின்கிறதா என்றும் பாருங்கள். தின்றால் உடம்பில் குறை இருக்கலாம். ஈறை விலக்கிப் பார்த்து, வெளுத்திருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். கொக்கிப்புழு ரத்தத்தை உறிஞ்சியிருக்கலாம், அல்லது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். கொக்கிப்புழுவின் இளம்புழுக்கள் மண்ணில் கிடந்து, வெறுங்காலோடு நடக்கிற குழந்தைகளின் தோலுக்குள்ளும் நுழையும். அதனால் பூச்சி மருந்து தவறாமல் கொடுக்க வேண்டும்.

இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கி மண் இளகிய வாரம், பந்தலும் சிரட்டையும் மணல் குழியும் இருந்தாலும் இரண்டு நாய்களும் கண்ட இடத்தில் பறிக்கும். புது மண் வாசனையில் அவற்றுக்குத் தலைகால் புரியாது. அந்த வாரம் நாங்கள் கன்று நடுவதில்லை. நட்டே ஆகவேண்டுமென்றால் கோழிவலையைக் கன்று வெளியே வருகிற அளவுக்கு நடுவில் வெட்டி, மண்ணுக்கு ஒரு அங்குலம் கீழே விரித்து, குத்தாமல் இருக்க ஓரங்களைக் கீழே மடக்கி மண் போட்டு மூடுகிறோம். வலை காலில் பட்டதும் மணி விட்டுவிடுகிறான். கன்று வேர் பிடித்ததும் வலையை எடுத்து அடுத்த குழிக்கு வைத்துக்கொள்ளலாம்.